பளபளக்காத பன்

வீட்டில் பர்கர் செய்ய எந்த பன் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். மேலே பளபளப்பு இல்லாத பன்னாகப் பார்த்து வாங்குங்கள். பார்க்க அழகாக இருக்காது. மாவு பூத்து, முகம் கழுவாத பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் குறுக்கே அறுத்து, நெய் விட்ட தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டு எடுத்தால் அதுதான் நிற்கும். உள்ளே என்ன வைத்தாலும் தாங்கும். கடிக்கும்போது மேல்தோல் தனியாகக் கழன்று வராது.

நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம்தான். மேலே சாமி இருக்கிறார் என்பது ஒன்று. இந்த பன் விஷயம் இன்னொன்று. முதலாவதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டாவது அந்தக்காவால் தெரிந்தது.

பெயர் எழுத வேண்டாம், அந்தக்கா என்றே சொல்கிறேன். மாரண்டஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் அடுத்த போர்ஷன். நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் தையல் மெஷினை மிதித்தால் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஆடும். அவர் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பூசைக்குப் போவார்கள். சர்ச் என்று அந்தக்கா சொல்லி நான் கேட்டதில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன், அடுப்புல பால் இருக்குது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புவார்.

அவரிடம் ஒரு குணம். கேட்டுவிடுவார். நாமெல்லாம் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து புலம்புவோம் இல்லையா, அந்தப் புலம்பல் அவரிடம் இருக்காது. எங்கே தோன்றுகிறதோ அங்கேயே, யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடமே, எத்தனை பேர் நின்றாலும் கேட்டுவிடுவார். நான் அவர் கையைப் பிடித்து இழுப்பேன். "ஏன், கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?" என்பார்.

குடிவந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார்கள். வீட்டு ஓனர் ஒரு டம்ளரை வாங்கி வாயில் வைக்கும் நேரத்தில் அந்தக்கா கேட்டார்.

"ஏனுங்க, முன்னால இருந்தவங்க எதுக்குக் காலி பண்ணிட்டுப் போனாங்க?"

ஓனருக்குப் புரை ஏறியது. "அவங்களுக்கு வசதிப்படலைங்க."

"எது வசதிப்படல?"

"தண்ணி கொஞ்சம்..."

"வராதுங்களா?"

"வரும் வரும். ஒருநா விட்டு ஒருநா வரும்."

"அத முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லைங்களா?"

"நீங்க கேக்கலியேம்மா."

"சரி, இப்பக் கேட்டுட்டேன். பெரிய ட்ரம்மு ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க."

ட்ரம் வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ காலமாக நான் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்துகொண்டிருந்தேன். ஒரு ட்ரம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது யார் வீடு பார்க்க வந்தாலும், ஓனர் வாசலிலேயே தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறார்.

எல்லா நேரமும் இப்படி நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். என் நாத்தனார் மகளைப் பெண் பார்க்கக் கடத்தூரிலிருந்து வந்தார்கள். எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தோம். அந்தக்கா காலையிலிருந்தே எனக்கு ஒத்தாசையாக நின்று, பஜ்ஜி போட்டு, தட்டில் அடுக்கி அவரே எடுத்து வந்தார். பேச்செல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பையனின் அம்மா நாள் பார்க்கிற வரைக்கும் வந்துவிட்டார். அந்தக்கா பையன் முன்னால் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, பொண்ணு உங்களுக்குப் புடிச்சிருக்குதா, உங்கம்மாவுக்குப் புடிச்சிருக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மாவுக்குங்க" என்றான்.

அவ்வளவுதான். காபி ஆறியது. அவர்கள் எழுந்து போனார்கள். நாத்தனார் என்னிடம் வந்து, "உன் பக்கத்து வூட்டுக்காரி வாய வெச்சா வெளங்குமா?" என்று கத்திவிட்டுப் போனாள். எனக்கும் கோபம்தான். சாயங்காலம் பஜ்ஜித் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்த அந்தக்கா, வாசலிலேயே நின்றார்.

"நான் கேட்டதுனால அவன் மனசுல இல்லாதது வந்துச்சாம்மா? இருந்தது வெளிய வந்துச்சி."

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். சில நாள் பேசாமலும் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும், இந்தப் பக்கம் டம்ளர் ஆடும், பேச்சு மட்டும் இல்லை. அடுத்த தை மாதம் அந்தப் பெண்ணுக்கே வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமானது. ஜாக்கெட் தைக்கத் துணியை எடுத்துக்கொண்டு அவள் நேராக வந்தது அந்தக்காவிடம்தான். "அத்தே, அம்மாகிட்டச் சொல்லாதீங்க" என்று என்னிடம் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள்.

இனி பன் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார். வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போடுவார். மாலை போட்ட நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். நானும், என் மகளும்கூட. செருப்பு கிடையாது, தலையணை கிடையாது. வீட்டில் கறி, மீன், முட்டை எதன் வாசனையும் கூடாது. அடுப்பில் வேகிறதை ருசி பார்ப்பதும் கிடையாது. உப்பு போட்டோமா என்று சந்தேகம் வந்தாலும் நாக்கில் வைக்க மாட்டேன். ஐயப்பனுக்குப் படைத்த பிறகுதான் யாரும் வாயில் வைக்க வேண்டும். சாமிக்கு வெளியில் ஒரே ஒரு ஆகாரம் உண்டு. மண்டியில் லோடு ஏற்றிவிட்டு, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் ஒரு டீ, ஒரு பன். பன்னில் என்ன இருக்கப்போகிறது, மைதாதானே என்று இருந்தோம்.

மகளின் பிறந்தநாள் மார்கழி தொடக்கத்தில் வரும். எப்போதும் மாலை போட்ட நாட்களுக்குள்தான் விழும். அவள் ஒன்பதாவது படித்த வருஷம் கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தி தருமபுரியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் பர்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வந்ததிலிருந்து அதே பேச்சு.

"கடைக்கு வாணாம்மா. சாமி அங்கெல்லாம் வர முடியாது. வூட்லயே பண்ணலாம். அப்பத்தான் சாமியும் சாப்பிடுவாரு."

அப்பா சாப்பிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு முக்கியம். பிறந்தநாள் முடிந்து சில நாளில் இருமுடி கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். லோடு இல்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுவதே அபூர்வம்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. அந்தக்கா வந்துவிட்டார்.

"என்னா பர்கரா? உள்ள வெக்கறது உருளக்கெழங்கு வடதானே. அத வுடு, பன்னுதான் முக்கியம். நல்ல பன்னா நாம கண்டுபுடிக்கலாம். ஆமா, உங்க வூட்ல ருசி பாக்க மாட்டீங்களே?"

"மாட்டோங்க. சாமிக்கு எச்சி ஆயிடும்."

"உப்பு இல்லன்னா சாமி கோச்சுக்க மாட்டாரா?"

"மாட்டாருக்கா."

"அப்ப நல்ல சாமி. எங்க வூட்டுக்காரு கோச்சுக்குவாரு."

அதனால் சோதனை எல்லாம் அந்தக்கா வீட்டு அடுப்பில் நடந்தது. முதலில் தருமபுரிக்குப் போய் ஒரு பெரிய கடையில் பாக்கெட் பன் வாங்கினோம். மேலே எள் தூவி, படத்தில் இருப்பது போலவே இருந்தது. அந்தக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தார். "பச்சை இருக்குது, சாமிக்கு ஆகும்" என்றார். ஆனால் கல்லில் போட்டு வடையை வைத்து அழுத்தியதும் ஓரம் பொல பொலவென்று உதிர்ந்தது. இனிப்பு வேறு. மகள் ஒரு கடி கடித்துவிட்டு, "கேக்குக்குள்ள போண்டா வெச்ச மாதிரி இருக்குது பெரிம்மா" என்றாள்.

அடுத்து, அந்தக்காவின் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து பாவ் வாங்கி வந்தார். பஞ்சு போல இருந்தது. அதுவே வம்பாகப் போயிற்று. கடைகளில் பர்கருக்குள் தடவும் மயோனைஸில் முட்டை இருக்கிறதாம். அந்தக்கா கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அதற்குப் பதிலாகக் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மிளகுத்தூள் போட்டு வைத்திருந்தோம். பாவ் அந்தத் தயிரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு கூழாகிவிட்டது. அந்தக்காவின் வீட்டுக்காரர் அதை ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்குது" என்றார் பாவம்.

கடைசியில் நம் ஊர் பேக்கரியின் டீ பன்னையே வாங்கிப் பார்த்தோம். கையில் அடங்கும் அளவு. இனிப்பு பேருக்குத்தான். கல்லில் போட்டதும் உள்பக்கம் முறுகலாக வந்தது. வடை, தக்காளி, கோஸ், தயிர் எல்லாம் வைத்து அழுத்தியும் உடையவில்லை. மேல்தோல் மட்டும் கொஞ்சம் கழன்று வந்தது. மகள் குதித்தாள். எதற்கு ஊரெல்லாம் அலைந்தோம் என்று நானும் சிரித்தேன்.

மறுநாள், பிறந்தநாளுக்குச் சொல்லிவைக்க பேக்கரிக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷன், எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். கண்ணாடிக்குள் பன் எல்லாம் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. அந்தக்கா ஒன்றை வாங்கி மேலே விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, பாக்கெட்டு பன்னு இப்படி மின்னலியே, உங்க பன்னு மட்டும் எப்படி இப்படிப் பளபளன்னு இருக்குது?"

"கைப்பக்குவம்மா."

"பக்குவம் சரிங்க. மேல என்னா தடவுறீங்க?"

"முட்டதான். அடிச்சு, பிரஷ்ல ஒரு இழுப்பு. அதுக்கப்புறம் அடுப்புல வெச்சா இந்தக் கலர் வரும்."

அவர் ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னார். எத்தனை கார்த்திகை, எத்தனை மார்கழி, சாமி இந்தக் கடை வாசலில் வெறுங்காலோடு நின்று அந்த பன்னை டீயில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்!

"மாவுல?" அந்தக்கா விடவில்லை.

"மாவுல கெடயாதும்மா. மேலதான்."

"மால போட்ட சாமிங்கல்லாம் வந்து சாப்பிடறாங்களே, சொல்ல மாட்டீங்களா?"

"நான் ஒண்ணும் மறைக்கலியேம்மா. கேட்டா சொல்ல மாட்டேனா? இத்தன நாளா ஒருத்தரும் கேக்கல."

அந்தக்கா கையிலிருந்த பன்னைக் கண்ணாடி மேல் வைத்தார். "அதுவும் சரிதான். நீங்க மறைக்கல, நாங்க கேக்கல. தப்பு ஆளுக்குப் பாதி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். தெரு திரும்பும் இடத்தில் அந்தக்கா நின்று, "நான் கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"இல்லக்கா. கேட்டது நல்லதுதான்."

"சாமிகிட்டச் சொல்லுவியா?"

"சொல்லித்தான் ஆகணும்."

சாயங்காலப் பூஜை முடிந்ததும் சொன்னேன். சாமி எழுந்து போய் ட்ரம் தண்ணீரை வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வந்து படத்தின் முன்னால் நின்று சரணம் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தக்காவா கேட்டுச்சி?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லவேள" என்றார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் பழம் சாப்புட்டுக்கறேன்."

"நீங்க சாப்பிடலன்னா எனக்கும் வாணாம்." அழவில்லை. எழுந்து போய்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாள். பக்கம் திருப்பவே இல்லை.

இதை எல்லாம் சுவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விடிந்ததும் அந்தக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனார்.

"அண்ணா, முட்ட தடவாம போட்டா அடுப்பு எரியாதுங்களா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எரியும். ஆனா தட்டு தட்டாத்தான் தடவறது. ஒரு தட்ட முழுசா தடவாம வுடணும். வெளுத்துப்போன பன்ன எவன் வாங்குவான்? முழுத் தட்டும் நீங்க எடுத்துக்கறீங்கன்னா சொல்லுங்க."

எங்களுக்கு வேண்டியது ஏழெட்டு பன். ஒரு தட்டில் அதைப்போலப் பல மடங்கு. "எடுத்துக்கறோம்" என்று அந்தக்கா சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், "நம்ம தெருவுல மால போட்ட வூடு எத்தன இருக்குது, எல்லா வூட்லயும் டீக்கு பன்னு வேணுந்தானே" என்று எனக்குக் கணக்குச் சொன்னார்.

எங்கள் தெருவில்தான் குருசாமி வீடு. ஊர்ச் சாமிகளுக்கெல்லாம் மாலை போட்டுவிடுகிற பெரியவர். சாயங்காலம் பஜனைக்கு எல்லாப் பெண்களும் அங்கே வாசலில் கூடியிருப்போம். அந்தக்கா அங்கேயே வந்துவிட்டார். படி ஏறாமல் தெருவில் நின்றபடி குருசாமி வீட்டம்மாவிடம் கேட்டார்.

"அம்மா, உங்க வூட்டுச் சாமிங்க பேக்கரி பன்னு சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடுவாங்க. எதுக்கு?"

"அதுக்கு மேல முட்ட தடவறாங்களாம்மா. தடவாம ஒரு தட்டு போடச் சொல்லலாம்னு..."

வாசலில் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குருசாமி வீட்டம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வருஷக்கணக்காக அந்த வீட்டில்தான் ஊருக்கே விரதம் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

"இத்தன வருஷமா சுத்தமா இருந்தோம். இன்னிக்கு உன்னால அசுத்தமாயிட்டோம்!"

"என்னால இல்லைங்கம்மா, முட்டயால."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது இன்னும் மோசமாகிவிட்டது.

"உனக்கு வேற கோயிலு, வேற பூச. எங்க மால வூட்டு அடுப்படியில உனக்கென்னா வேல? உன்ன யாரு கேக்கச் சொன்னா?"

அந்தக்கா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பிப் போகப்போகிறார் என்று தெரிந்தது. நான் அதுவரைக்கும் அந்த வாசலில் சரணத்தைத் தவிர வேறு எதையும் சத்தமாகச் சொன்னதில்லை.

"அந்தக்கா கேக்கலைங்கம்மா. பேக்கரில கேட்டது நாந்தான். அக்கா என்கூட வந்துச்சி, அவ்ளோதான்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். குருசாமி வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் குருசாமி ஈரத்துண்டோடு உள்ளேயிருந்து வந்தார்.

"யாரு கேட்டா என்னா? பதிலு என்னா வந்துச்சி, அதச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தெனமும் என்னா சொல்லிக் கும்புடறோம்? தெரிஞ்சும் தெரியாமயும் பண்ணதப் பொறுத்துக்கன்னுதானே? இத்தன நாளா தின்னது தெரியாம தின்னது. அத அவரு பொறுத்துக்குவாரு. இனிமே தின்னா தெரிஞ்சி தின்னது. அத நாமதான் பாத்துக்கணும்." துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தத் தட்டுல எனக்கு ரெண்டு பன்னு சேத்துச் சொல்லுங்க."

அப்புறம் ஒவ்வொரு வீடாக எனக்கு, எனக்கு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு தட்டு போதவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக்கா என்னை நிறுத்தினார்.

"ஏன்டி, மால போட்ட வூட்ல இருந்துக்கிட்டு எதுக்குப் பொய் சொன்ன?"

"அத மட்டும் கேக்காதீங்கக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு முன்னால் நடந்தார். எனக்குத் தெரிந்து அவர் பாதியில் விட்ட கேள்வி அது ஒன்றுதான். அந்தப் பொய்க்காக நான் மேலே இருக்கிற சாமியிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவருக்குத் தெரியும்.

பிறந்தநாள் அன்றைக்குக் கடைக்காரர் பன்னைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "இத என் கடையில வாங்கினேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்கம்மா" என்றார். அவ்வளவு மங்கலாக இருந்தது. ஆனால் கல்லில் போட்டபோதுதான் பார்த்தோம், முட்டைப் பூச்சு இல்லாததால் நெய் மேல்பக்கமும் ஊறி, கழன்று வராமல், முன்னதைவிட நன்றாக நின்றது. வாழை இலையில் முதல் பர்கரை வைத்து ஐயப்பன் படத்தின் முன்னால் படைத்தேன். சாமி கற்பூரம் காட்டினார். மகளுடைய சிநேகிதப் பிள்ளைகள் கைகூப்பிக்கொண்டே சிரிப்பை அடக்கினார்கள். பர்கருக்குக் கற்பூரம் காட்டி அவர்கள் பார்த்ததில்லை.

சாமி தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்து ஒரு பெரிய கடி கடித்தார். தயிர் தாடியில் ஒட்டிக்கொண்டது. மகள் அதைத் துடைத்துவிட்டுத் தானும் கடித்தாள். பிள்ளைகள் எல்லோரும் சூப்பர் ஆன்ட்டி என்றார்கள். சாமி தலையை ஆட்டினார். அந்தக்கா மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"சாமி சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். உப்பு போடவேயில்ல நீ."

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. வீடே சிரித்தது. சாமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து அந்தக்காவின் வீட்டுக்காரருக்குக் கர்நாடகா பக்கம் வேலை மாற்றலாகி, காலி செய்துவிட்டுப் போனார்கள். போகும்போதும் வீட்டு ஓனரை நிறுத்தி, அடுத்து வருகிறவர்களுக்கு அந்த ட்ரம்மைக் கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார். கொஞ்ச காலம் போனில் பேசினோம். நான் போன் மாற்றியபோது நம்பர் போய்விட்டது. அவரும் மாற்றிவிட்டாரோ என்னவோ. இப்போது அலமாரியில் டம்ளர்கள் ஆடுவதில்லை.

பேக்கரியில் மட்டும் வருஷா வருஷம் கார்த்திகை பிறந்தால் கண்ணாடிக்குள் ஓரமாக ஒரு தட்டு மங்கல் பன் வந்துவிடும். சாமி பன் என்று கேட்டு வாங்குகிறார்கள். வெளியூர்ச் சாமிகள்கூட வண்டியை நிறுத்தி வாங்குகிறார்கள். போன கார்த்திகையில் நான் வாங்கப் போனபோது குருசாமி வீட்டம்மா தன் புது மருமகளோடு நின்றிருந்தார். என்னைக் காட்டி, "இந்தம்மாதான் அன்னிக்கு இங்க வந்து கேட்டது. இவளாலதான் நமக்கு முட்டயில்லாத பன்னு கெடைக்குது" என்றார். மருமகள் என்னை மரியாதையாகப் பார்த்தாள்.

ஊரில் அப்படித்தான் நிலைத்துவிட்டது. நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு வந்துவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை.

"இல்லைங்கம்மா. கேட்டது நான் இல்ல. அந்தக்காதான்."

குருசாமி வீட்டம்மா திடுக்கிடவில்லை. பன்னைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். உனக்கேது அவ்ளோ வாயி?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். குருசாமி வீட்டம்மா என் பக்கம் திரும்பினார். "இப்ப எங்க இருக்குது அந்தப் பொண்ணு?"

"தெரியலைங்கம்மா. நம்பர் போயிடுச்சி."

"அது துணி தச்சுக் குடுத்த வூடு இந்த ஊர்ல எத்தன இருக்குது! யார்கிட்டயாச்சும் நம்பர் இருக்கும். கேட்டியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏன், கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

கடையில் நல்ல கூட்டம். நான் கல்லா பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, எங்கக்கா நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?"